கூரை வளை மரத்தில் தொங்கவிடுவதா, மேசையில் வைப்பதா?

யாழ்ப்பாணத்து ஓட்டு வீட்டில் புரொஜெக்டரை நாமே பூட்டுவதென்றால் முதல் கேள்வி இதுதான். மேசையில் வைத்தால் துளை போடும் வேலை இல்லை, வாடகை வீடென்றால் அதுதான் சரி, ஆனால் யாராவது தேத்தண்ணீரோடு குறுக்கே நடந்தால் திரையில் நிழல் விழும், அதோடு சாய்த்து வைத்துக் கீஸ்டோன் என்ற திருத்தும் வசதியால் படத்தை நேராக்கினால் கூர்மையும் கொஞ்சம் குறையும். வளையில் தலைகீழாகப் பூட்டி மெனுவில் படத்தைத் திருப்பிவிட்டால் அந்தத் தொல்லை இல்லை. மூலைக்கு மூலை 100 அங்குலமான 16:9 திரை ஏறக்குறைய 221 சென்ரிமீற்றர் அகலம், எறிவிகிதம் (திரைக்கு உள்ள தூரத்தைத் திரையின் அகலத்தால் வகுத்தது) 1.5 என்றால் லென்ஸ் 3.3 மீற்றர் தள்ளி இருக்கவேண்டும், அதை அளக்காமல் துளை போடாதீர்கள். நான் போட்டேன், இரண்டு தரம். எனக்கு வளைதான் பிடிக்கும், ஓட்டிடுக்கால் தூசு கொட்டினாலும். மாரிக்கு முன்னம் ஒழுக்கை மட்டும் பார்த்துவிடுங்கள்.