புல்லா, சோளமா? அமெரிக்கக் கறிப் பொட்டலங்கள் மூன்று

அமெரிக்க சூப்பர்மார்க்கெட் கறி அடுக்கில் மூன்று வகை மாட்டுக்கறி பக்கத்தில் பக்கத்தில் கிடக்கும். ஒன்று சாதாரணம், ஒன்று 'கிராஸ் ஃபெட்', அதாவது புல் தின்று வளர்ந்தது, இன்னொன்று 'ஆர்கானிக்'. பின்னவை இரண்டும் விலை கூடுதல். எது நல்லது என்று கேட்பவரிடம் நான் திருப்பிக் கேட்பது: உங்களுக்கு எதில் பயம்? ஹார்மோனா, ஆன்டிபயாட்டிக்கா, மாடு படும் பாடா, பூமி சூடாவதா? நான்குக்கும் ஒரே பொட்டலத்தில் பதில் கிடைக்காது.

முதலில் ஒன்றைத் தெளிவாக்கிவிடலாம். சாதாரணக் கறி மாடும் புல்வெளியில்தான் பிறக்கிறது. ஆறேழு மாதம் தாயோடு மேய்கிறது. வித்தியாசமெல்லாம் கடைசிக் கட்டத்தில். டெக்சஸ், கான்சஸ், நெப்ராஸ்கா பக்கம் 'ஃபீட்லாட்' என்ற அடைப்புகள் இருக்கின்றன. பெரியவற்றில் ஆயிரக்கணக்கான மாடுகள், காலடியில் புல் கிடையாது. அங்கே ஏறக்குறைய நான்கிலிருந்து ஆறு மாதம் மக்காச்சோளம் போட்டுக் கொழுக்க வைக்கிறார்கள். அசைபோடும் வயிறு புல்லுக்கானது. மாவுச்சத்து அளவு மீறினால் அமிலம் ஏறுகிறது, ஈரலில் சீழ்க்கட்டி வருகிறது. அதைத் தடுக்கத் தீவனத்திலேயே டைலோசின் என்ற ஆன்டிபயாட்டிக்கைக் கலப்பது வழக்கம். மனித வைத்தியத்துக்கு முக்கியமான ஆன்டிபயாட்டிக்குகளை, மாடு சீக்கிரம் வளரட்டும் என்பதற்காகக் கொடுப்பது 2017-லிருந்து இல்லை. ஆனால் நோய் வராமல் தடுக்க, கால்நடை மருத்துவர் எழுதிக் கொடுத்தால் இன்றும் கொடுக்கலாம். வாசலை அடைத்துவிட்டுச் சன்னலைத் திறந்து வைத்த கதைதான்.

ஹார்மோன் விஷயம் வேறு. காதின் தோலுக்கடியில் ஒரு சிறு ஹார்மோன் வில்லையைச் செருகுவார்கள். குறைந்த தீவனத்தில் அதிகச் சதை. அமெரிக்க அரசு இதில் ஆபத்தில்லை என்கிறது. ஐரோப்பா நம்பவில்லை. 1989-லிருந்து இப்படி வளர்த்த கறியை உள்ளே விடுவதில்லை. உலக வர்த்தக அமைப்பில் 1998-இல் வழக்கில் தோற்றும் அசையவில்லை. யார் பக்கம் நியாயம் என்பது இருக்கட்டும். ஹார்மோன் வேண்டாம் என்பவருக்குத் தெளிவான விடை ஆர்கானிக்தான். அதில் ஹார்மோனும் கிடையாது, ஆன்டிபயாட்டிக்கும் கிடையாது. நோய்வாய்ப்பட்ட மாட்டுக்கு மருந்து கொடுத்தே ஆகவேண்டும், கொடுத்தபின் அது ஆர்கானிக் என்று விலை போகாது.

ஆர்கானிக் என்றால் புல்வெளி என்று நினைப்பவர்கள்தான் ஏமாறுகிறார்கள். வருடத்தில் குறைந்தது 120 நாள் மேய்ச்சல், அந்தப் பருவத்தில் தீனியில் 30 சதவீதமாவது மேய்ச்சலிலிருந்து என்பது 2010-இல் வந்த விதி. ஆனால் கடைசியாகக் கொழுக்க வைக்கும் கட்டத்துக்கு, 120 நாள் வரை, அந்த 30 சதவீதக் கணக்கிலிருந்து விலக்கு உண்டு. அப்போது தின்பது ஆர்கானிக் சோளமாக இருக்கலாம்.

சரி, 'கிராஸ் ஃபெட்'? பெயரே சொல்கிறதே என்றால், அது தீனியைப் பற்றி மட்டும்தான் சொல்கிறது. ஹார்மோன் இல்லை என்பது அதில் அடங்காது. இந்தச் சொல்லுக்கென்று வேளாண்மைத் துறை வைத்திருந்த வரையறையையும் 2016-இல் விலக்கிக்கொண்டார்கள். இப்போது கம்பெனி காகிதம் கொடுத்தால் துறை லேபிளுக்கு ஒப்புதல் தருகிறது. அதனால் அமெரிக்கன் கிராஸ்ஃபெட் அசோசியேஷன் போன்ற வெளி அமைப்பின் முத்திரை இருக்கிறதா என்று பார்ப்பேன். புல் மட்டும், அடைப்பு இல்லை, ஹார்மோன் இல்லை, ஆன்டிபயாட்டிக் இல்லை என்று எல்லாம் அதற்குள் வந்துவிடுகிறது. மாடு பட்ட பாட்டை நினைத்து வாங்குபவருக்கு என் ஓட்டு இதற்குத்தான். 'நேச்சுரல்' என்று போட்டிருந்தால் கண்டுகொள்ளாதீர்கள். செயற்கைப் பொருள் சேர்க்கவில்லை, அதிகம் பதப்படுத்தவில்லை என்பதற்கு மேல் அது மாட்டின் வளர்ப்பைப் பற்றி ஒன்றும் சொல்வதில்லை.

பூமி சூடாவது உங்கள் கவலை என்றால் கணக்கு சிக்கலாகிறது. புல்லில் வளரும் மாடு மெதுவாக எடை போடும், கூடுதல் மாதங்கள் வாழும், அத்தனை மாதமும் பூமியைச் சூடாக்கும் மீத்தேன் வாயுவை ஏப்பமாக விடும். நன்றாக மேய்த்தால் மண் கொஞ்சம் கார்பனைப் பிடித்துக்கொள்ளும் என்பதும் உண்மை. ஜார்ஜியாவின் ஒயிட் ஓக் பாஸ்ச்சர்ஸ் பண்ணையை ஆராய்ந்தவர்கள் அதைக் கண்டார்கள். கூடவே, அதே அளவு கறிக்குச் சாதாரண முறையைப் போல இரண்டரை மடங்கு நிலம் தேவை என்பதையும் கண்டார்கள். இந்தக் கவலைக்கு மூன்று பொட்டலத்தில் எதுவும் மருந்தில்லை. வாரத்தில் ஒருநாள் குறைப்பது இவற்றை மாற்றி மாற்றி வாங்குவதைவிட மேல்.

ருசி? புல் மாட்டில் கொழுப்பு குறைவு. ஸ்டேக் போட்டால் கண் மூடித் திறப்பதற்குள் வறண்டுவிடும். நம் மிளகு வறுவலுக்கும் நிதானமாகக் கொதிக்கும் குழம்புக்கும் தோள்கறியாகப் பார்த்து வாங்கினால் குறையே தெரியாது. ஒமேகா-3 என்ற நல்ல கொழுப்பு கூடுதல் என்று விளம்பரம் செய்வார்கள். கூடுதல்தான், ஆனால் மத்தி மீனுக்குப் பக்கத்தில் அது நிற்காது.

பண்ணையிலிருந்தே கால் மாடு, அரை மாடாக வாங்கி ஃப்ரீசரில் வைக்கும் வழக்கமும் அங்கே உண்டு. அப்படி வாங்கப் போனால் "கிராஸ் ஃபெட்டா?" என்று கேட்காதீர்கள், ஆமாம் என்றுதான் பதில் வரும். "கடைசி நான்கு மாதம் என்ன தின்றது? காதில் வில்லை வைத்தீர்களா?" என்று கேளுங்கள்.