அந்தரா ஊசிக்கு ஐந்து நட்சத்திரம், சிறைக்கு ஒன்றரை

தங்கச்சி ஒரு அடிதடி வழக்கில் ரிமாண்டில் இருந்தாள். அதற்கு முன்பிருந்தே மார்த்தாண்டம் பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்தில் அந்தரா கருத்தடை ஊசி போட்டு வந்தாள். இலவசம், மூன்று மாதத்துக்கு ஒரு முறை, தினமும் மாத்திரை விழுங்கும் தொல்லை இல்லை. அவளுக்கு மாதவிலக்கு கொஞ்சம் முன்னே பின்னே ஆனது, அவ்வளவுதான்.

சிறையில்தான் சிக்கல். உள்ளே போனதும் சுகர், பிரஷர் பார்த்தார்கள். கருத்தடை எடுக்கிறாயா என்று ஒருவரும் கேட்கவில்லையாம். பெண் கைதிகளின் மகப்பேறு விவரங்களை விசாரிக்க வேண்டும் என்று ஐ.நா.வின் பாங்காக் விதிகள் 2010லேயே சொல்லிவிட்டன. மனு போட்டு அவளைப் பார்க்கப் போனபோது, ஊசி போட்ட தேதிகள் உள்ள அட்டையைச் சிறை ஊழியரிடம் நீட்டினேன். "உள்ள இருக்கிறவளுக்கு இது எதுக்கு?" என்று அவருக்குச் சிரிப்பு. ஏன், ஜாமீன் கிடைத்தால் புருஷன் வீட்டுக்குத்தானே வருவாள்?

தேதி தாண்டி நான்கு வாரம் வரை போடலாம் என்பதால் தப்பித்தோம். கைதியை வெளியே கூட்டிப்போகும் வழிக்காவல் போலீஸ் கிடைத்து ஆசாரிப்பள்ளம் மெடிக்கல் காலேஜுக்குக் கூட்டிப்போனார்கள். அங்கே நர்ஸ் அக்கா போலீஸை வெளியே நிற்கச் சொல்லிவிட்டுப் பேசினார். அதற்குத் தனியாக ஒரு கும்பிடு.

அட்டையின் நகல் ஒன்றை வக்கீலிடமும் கொடுத்து வையுங்கள்.