1979-இன் இரு பெரிய கார்கள்: ஜாகுவார் எக்ஸ்ஜே6, மெர்சிடிஸ் எஸ்-கிளாஸ்

இரண்டும் 1979-இல் சந்தைக்கு வந்தவை. மெர்சிடிஸின் எஸ்-கிளாஸ், அதாவது டபிள்யூ126, அடி முதல் நுனி வரை புதிய கார். ஜாகுவார் எக்ஸ்ஜே6 சீரிஸ் 3 அப்படியல்ல. 1968-இல் ஜாகுவாரின் நிறுவனர் சர் வில்லியம் லயன்ஸ் கொண்டுவந்த காருக்கு இத்தாலியின் கார் வடிவமைப்பு நிறுவனமான பினின்ஃபரீனா புதுக் கூரை போட்டுக் கொடுத்தது, அவ்வளவுதான். அதன் 4.2 லிட்டர் எஞ்சினின் வம்சமோ 1948-இல் தொடங்குகிறது. விவரக் குறிப்பை மட்டும் படித்தால் ஜாகுவார் தோற்றுவிட்டது என்றே தோன்றும்.

ஆனால் சொகுசு என்றால் முதலில் குலுங்காமல் போக வேண்டும். அதில் ஜாகுவார் அசகாயசூரன். பின்பக்கம் ஒவ்வொரு சக்கரத்துக்கும் இரண்டு ஸ்பிரிங், இரண்டு டேம்பர் (ஸ்பிரிங்கின் ஆட்டத்தை அடக்கும் பாகம்). பின் டிஸ்க் பிரேக்குகள் சக்கரத்தில் இல்லை. பின் சக்கரங்களுக்கு விசையைப் பிரித்துத் தரும் டிஃபரன்ஷியலை ஒட்டி உள்ளே தள்ளி வைத்திருக்கிறார்கள். சக்கரத்தோடு சேர்ந்து குதிக்கும் எடை குறைவதால் பள்ளம் மேடு உள்ளே இருப்பவருக்கு உறைப்பதில்லை. இந்தச் சுகத்துக்கான வட்டியை மெக்கானிக் கட்டுகிறார்: அந்த டிஸ்க்குகளை மாற்றப் பெரும்பாலும் பின் அச்சுத் தொகுதியையே கீழே இறக்க வேண்டும்.

பெட்ரோல் டாங்கும் இரண்டு. பின் பக்கச் சுவர்களுக்குள் இடம் ஒன்று, வலம் ஒன்று, மூடியும் தனித்தனி. ஒன்று தீர்ந்தால் டாஷ்போர்டில் உள்ள பொத்தானை அமுக்கி மற்றதற்கு மாற வேண்டும். எனக்கு இது பிடிக்கும். பலருக்கு எரிச்சலாக இருக்கும்.

மெர்சிடிஸில் இப்படிப்பட்ட செல்லங்களுக்கு இடமே இல்லை. அதன் வடிவமைப்புத் தலைவர் புரூனோ சாக்கோவின் குழு ஒவ்வொரு பாகத்துக்கும் காரணம் வைத்திருந்தது. பின் விளக்குக் கண்ணாடியில் வரிவரியாகப் பள்ளங்கள் இருக்கும். சேறு மேட்டில் அப்பினாலும் பள்ளத்தின் வழியே வெளிச்சம் தெரியும். இருக்கையைச் சரிசெய்யும் பொத்தான் கதவில், இருக்கையின் வடிவத்திலேயே இருக்கிறது. சாய்மானத்தைச் சாய்க்க, பொத்தானின் சாய்மானத்தைத் தள்ளினால் போதும். 1981-இல் ஓட்டுநருக்கு ஏர்பேக்கும் வந்தது. பின் இருக்கையில் ஜாகுவாரைவிடத் தாராளமாக உட்காரலாம், டிக்கியும் ஆழம். 1990-இல் தென்னாப்பிரிக்காவின் ஈஸ்ட் லண்டன் ஆலைத் தொழிலாளர்கள் கூலி வாங்காமல் உழைத்து நெல்சன் மண்டேலாவுக்குப் பரிசளித்த சிவப்புக் காரும் இந்த ரகம்தான்.

தரத்தில் பேச்சே வேண்டாம், மெர்சிடிஸ்தான். ஜாகுவாரின் பெயர், அது பிரிட்டிஷ் லேலண்ட் நிறுவனத்தின் கையில் இருந்த காலத்தில் கெட்டது. 1980-இல் தலைமைக்கு வந்த ஜான் ஈகன், பழுதுகளில் பெரும்பங்கு வெளியிலிருந்து வாங்கும் பாகங்களால் வருகிறது என்று கண்டு, சப்ளையர்களின் கழுத்தைப் பிடித்தார். அதன் பிறகு வந்த கார்கள் கணிசமாகத் தேவலை.

தினமும் ஓட்ட வேண்டுமா? இந்த எஸ்-கிளாஸ் வரிசையில் 1985-க்குப் பிந்தைய மெர்சிடிஸ் 300 எஸ்இ வாங்குங்கள். ஆறு சிலிண்டர், பராமரிப்பு எளிது. அதே வரிசையில் அமெரிக்காவில் விற்ற தொடக்க கால 380 எஸ்இஎல் என்றால், எஞ்சின் வால்வுகளை நேரம் தப்பாமல் இயக்கும் ஒற்றை வரிசை டைமிங் செயினை இரட்டை வரிசையாக மாற்றியிருக்கிறார்களா என்று கேளுங்கள். ஞாயிற்றுக்கிழமைக்கு மட்டும் என்றால் என் ஓட்டு ஜாகுவாருக்கு. பார்க்கப் போகும்போது பெயின்ட் பளபளப்பில் மயங்காமல், முன் கண்ணாடிச் சட்டத்தின் அடியிலும் பின் சக்கர வளைவிலும் துருவைத் தேடுங்கள். டிக்கியைத் திறந்ததும் பெட்ரோல் வாடை அடித்தால் டாங்க் அரித்திருக்கிறது; விலையைக் குறைத்துக் கேளுங்கள்.