மறியலுக்கு முன்னால் ஒரு தேத்தண்ணிக் கடை: 5க்கு 4

கொழும்பு பொரளையில் 154 பஸ்ஸால் இறங்கி, பேஸ்லைன் வீதியில் மறியல் (சிறைச்சாலை) பக்கம் நடந்தால் பெயர்ப்பலகை இல்லாத ஒரு சின்னக் கடை வரும். உள்ளே பார்க்கப் போகிறவர்களின் போனை 50 ரூபாவுக்கு வாங்கி வைப்பதுதான் முதல் தொழில். தேத்தண்ணி, பருப்பு வடை, ரோல்ஸ் எல்லாம் பிறகு. ரோல்ஸ் வேண்டாம், மூன்று தடவையும் ஆறித்தான் கிடந்தது.

என் தம்பி விளக்கமறியலில் இருந்த காலம் முழுக்க இந்தக் கடைதான் எனக்கு. இரண்டாம் தரம் பார்க்கப் போனபோது தன் மோட்டார்சைக்கிளை மச்சானுக்குக் கொடுக்கச் சொன்னான். "இனி எனக்கு என்னத்துக்கு?" அவ்வளவுதான் பேச்சு.

வெளியே வந்து தேத்தண்ணியைத் தொடாமல் இருந்தேன். கடைக்கார அக்கா கல்லாவை விட்டு எழும்பி வந்தா. தம்பி சொன்னதைச் சொன்னேன். "சாப்பிடுறாரா? நித்திரை கொள்றாரா? உள்ள போய் எத்தனை நாள்?" ஒன்பது நாள் என்றேன். "முதல் கிழமைகளும் வழக்குத் தவணை தள்ளிப்போற நாட்களும்தான் பொல்லாதது தம்பி. இப்பவே போய் உள்ள இருக்கிற உத்தியோகத்தரிட்டச் சொல்லுங்கோ."

தற்கொலை எண்ணம் என்று சொன்னால் இன்னொரு வழக்குப் போடுவார்கள், வாயைத் திறக்காதே என்று எங்கள் வக்கீல் ஏற்கனவே சொல்லியிருந்தார். அது பழைய சட்டம் என்றா அக்கா. வீட்டுக்குப் போய்த் தேடினேன், சரிதான்: தற்கொலை முயற்சி இலங்கையில் 1998 இலிருந்து குற்றமில்லை. இது தெரியாமல் எத்தனை குடும்பம் வாயை மூடிக்கொண்டு இருக்கிறதோ.

என் சிங்களம் அரைகுறை. அவன் சொன்னதை அக்காவே ஒரு துண்டில் சிங்களத்தில் எழுதித் தந்தா, கூட்டாமல் குறைக்காமல். நலன்புரி உத்தியோகத்தரிடம் கொடுத்தேன். வாங்கியவர் இரண்டு தரம் வாசித்தார். அன்றைக்கே தம்பியை டொக்டரிடம் காட்டி, பக்கத்துப் பாயில் ஒரு வயதான கைதியைப் படுக்க வைத்தார்களாம். அவர் இரவு முழுக்கத் தன் மாட்டுக்கதை சொல்லியே இவனை நித்திரை கொள்ள விடவில்லையாம்.

அடுத்த தரம் நேரடியாகவே கேட்கச் சொன்னா அக்கா. கேட்டால் இல்லாத எண்ணம் வந்துவிடாது, அடக்கி வைத்தது வெளியே வரும் என்றா. கம்பி வலைக்கு இரண்டு பக்கமும் ஆட்கள் கத்துகிற இடம் அது. "சாகவேணும் போல இருக்காடா?" என்று நானும் கத்தித்தான் கேட்டேன். முதலில் காட்டிக்கொடுத்துவிட்டாய் என்று ஏசினான். அப்புறம் அழுதான். வலைக்குள்ளால் விரலை மட்டும்தான் தொட முடிந்தது.

போன் வைக்கும் தட்டுக்கு மேலே அட்டையில் 1926 என்று எழுதி ஒட்டியிருக்கிறது. தேசிய மனநல நிறுவகத்தின் இலக்கம், 24 மணி நேரமும் எடுக்கலாம். நான் அழைத்தது தம்பிக்காக இல்லை, அம்மாவுக்காக.

ஒரு புள்ளி குறைத்தது இருக்க வாங்கு (பெஞ்ச்) இல்லாததற்கு. வயதானவர்கள் வெயிலில் நிற்கிறார்கள். வடை பத்து மணிக்கு முன்பே முடிந்துவிடும். போனுக்குத் தரும் துண்டைத் தொலைத்தால் அக்கா லேசில் விடமாட்டா.