மூக்கடைப்புக்கு மூச்சுப் பயிற்சி: பெங்களூருவில் சில ஆண்டு அனுபவம்

மூச்சைச் சிறிது நேரம் அடக்கி மூக்கடைப்பைத் திறக்கும் பயிற்சியைச் சில ஆண்டுகளாக விடாமல் செய்து வருகிறேன். அது உடனடியாகத் தரும் பலன் பெரும்பாலும் அரை மணி நேரத்துக்கு மேல் நிற்பதில்லை என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அப்படியிருந்தும் இதை நான் உறுதியாகப் பரிந்துரைக்கக் காரணம் உண்டு: மூக்கு திறந்திருக்கும் அந்த நேரத்தில் வாயை மூடி மெல்ல மூச்சுவிடப் பழகிக்கொண்டால், அந்தப் பழக்கம் நாள் முழுவதும் கைகொடுக்கிறது.

பெங்களூருவுக்கு வேலைக்கு வந்த தமிழர்களில், இங்கு வந்த பிறகுதான் தும்மலும் மூக்கடைப்பும் தொடங்கின என்று சொல்பவர்களை அல்சூரிலும் ஸ்ரீராமபுரத்திலும் நிறையப் பார்த்திருக்கிறேன். கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 900 மீட்டர் உயரத்தில் இருக்கும் ஊரின் குளிர்ந்த காலைப்பொழுதும், ஓயாத கட்டுமானத் தூசியும், மழை தொடங்கியதும் காலி மனைகளில் தழைத்து வெள்ளைப் பூவாய் நிற்கும் பார்த்தீனியமும் ஒவ்வாமை உள்ளவர்களை எளிதில் விடுவதில்லை. எனக்கு ஒவ்வாமை மூக்கழற்சி இருப்பதாக இ.என்.டி. மருத்துவர் உறுதி செய்திருந்தார். நொச்சி இலை ஆவி, நெற்றியில் நீர்க்கோவைப் பற்று, தைலம் என்று வீட்டில் எல்லாவற்றையும் பார்த்தாயிற்று. தைலத்தில் உள்ள மென்தால் மூக்கின் குளிர் உணரும் நரம்புகளைத் தூண்டுவதால் காற்று நன்றாகப் போவது போலத் தோன்றுகிறது. உள்ளே வீங்கிய சதை அதனால் வற்றுவதில்லை. மருந்துக்கடையில் கிடைக்கும் சைலோமெட்டாசோலின் வகைச் சொட்டு மருந்து உண்மையிலேயே திறக்கும். ஆனால் சில நாட்களுக்கு மேல் தொடர்ந்தால், மருந்தின் வேகம் இறங்கும்போது அடைப்பு முன்னைவிட மோசமாகத் திரும்பி வரும். இந்த நிலையில்தான் மருத்துவரின் ஸ்டீராய்டு ஸ்பிரேயோடு சேர்த்து இந்தப் பயிற்சியையும் கையில் எடுத்தேன்.

இது பரவலாக அறியப்பட்டது, உக்ரைனில் பிறந்த சோவியத் மருத்துவர் கான்ஸ்டன்டைன் புட்டேய்கோவின் (1923–2003) முறை வழியாக. நிமிர்ந்து உட்கார்ந்து, மூக்கால் சிறிதளவு காற்றை இழுத்து, சிறிதளவே வெளியே விட வேண்டும். மூக்கு முழுவதும் அடைத்திருந்தால் வாயின் ஓரத்தால் இழுத்துக்கொள்ளலாம். மூச்சை வெளியே விட்ட நிலையில் கட்டைவிரலாலும் ஆள்காட்டி விரலாலும் மூக்கைப் பிடித்து, வாயை மூடி, தலையை மெதுவாக மேலும் கீழும் அசைத்துக்கொண்டே, காற்று வேண்டும் என்ற தவிப்பு நன்றாக எழும்வரை இருக்க வேண்டும். பிறகு விரலை எடுத்து, மூக்கால்தான் முதல் மூச்சை இழுக்க வேண்டும். அந்த முதல் மூச்சில்தான் எல்லாம் இருக்கிறது. வாய் தானாகத் திறந்துகொண்டாலோ, மூன்று நான்கு மூச்சுக்குள் சுவாசம் அமைதியாகாவிட்டாலோ, அளவுக்கு மீறி அடக்கியிருக்கிறோம் என்று பொருள். அரை நிமிடம் முதல் ஒரு நிமிடம் வரை ஓய்வெடுத்து, மறுபடியும் செய்ய வேண்டும். ஒரு அமர்வுக்கு ஐந்தாறு சுற்று போதும். எனக்குப் பொதுவாக மூன்றாவது சுற்றில் மேல் அண்ணத்துக்குப் பின்னால் மெல்லிய 'டொக்' என்ற ஓசை கேட்கும். உடனே ஒரு துவாரத்தின் உட்சுவரில் குளிர்ந்த காற்று பட்டுச் செல்வது தெரியும். மற்ற துவாரம் திறக்க இன்னும் ஒரு சுற்றாவது ஆகும். வயிறு நிறைந்திருக்கும்போது செய்தால் குமட்டுகிறது. காலையில் காபிக்கு முன்னால் செய்வதே எனக்கு ஒத்துவருகிறது.

மூக்கடைப்பு என்றால் சளி என்றே நாம் நினைக்கிறோம். பெரும்பாலான நேரம் அடைப்பது, மூக்கின் பக்கச் சுவர்களில் இருக்கும் டர்பினேட் என்ற சதை மடிப்புகளில் இரத்தம் தேங்கி ஏற்படும் வீக்கமே; அதனால்தான் எவ்வளவு சிந்தினாலும் ஒன்றும் வராமல் போகிறது. மூச்சை அடக்கும்போது உடல் விழிப்பு நிலைக்குச் செல்ல, நம் கட்டுப்பாடின்றித் தானாக இயங்கும் பரிவு நரம்புகள் அந்த இரத்தக் குழாய்களைச் சுருக்குகின்றன. வேகமாக நடந்தாலும் மாடிப்படி ஏறினாலும் மூக்கு திறந்துகொள்வதும் இதே வழியில்தான். இரண்டு துவாரங்களும் சில மணி நேரத்துக்கு ஒருமுறை மாறி மாறி விரிந்து சுருங்குவது இயல்பு என்பதை ஜெர்மன் மருத்துவர் ரிச்சர்டு கைசர் 1895-லேயே விவரித்திருக்கிறார். ஒருக்களித்துப் படுத்தால் கீழ்ப்பக்கத் துவாரம் அடைத்துக்கொள்வதும் இயல்பே. இதைத் தெரிந்துகொண்ட பிறகு, ஒரு பக்கம் அடைத்தவுடன் சொட்டு மருந்தைத் தேடும் பதற்றம் எனக்கு வெகுவாகக் குறைந்தது.

பயிற்சியின் முடிவில் சில நிமிடங்கள் பிராமரியும் செய்கிறேன். வாயை மூடி, வண்டு ரீங்கரிப்பது போல 'ம்ம்ம்' என்று நீளமாக மூச்சை விடுவதுதான் அது. மூக்கைச் சுற்றி எலும்புக்குள் இருக்கும் சைனஸ் என்ற காற்றறைகளில் நைட்ரிக் ஆக்சைடு என்ற வாயு உருவாகிறது. சும்மா மூச்சுவிடுவதைவிட இப்படி முனகும்போது மூக்கிலிருந்து வெளிவரும் அதன் அளவு ஏறத்தாழ 15 மடங்கு உயர்வதாக ஸ்வீடனின் கரோலின்ஸ்கா நிறுவன ஆய்வாளர்கள் 2002-இல் கண்டறிந்தனர். அதிர்வு, சைனஸுக்கும் மூக்குக்கும் இடையே காற்றுப் பரிமாற்றத்தை விரைவாக்குகிறது. அடைப்பு தீர இது மட்டும் போதும் என்று நான் சொல்லமாட்டேன். முகத்தின் கனம் குறைகிறது என்பது மட்டும் என் அனுபவம்.

நிலைத்த மாற்றம் பயிற்சி நேரத்துக்கு வெளியேதான் வந்தது. மெட்ரோ நிலையப் படிகளை வாயை மூடியே ஏறுவது என்று வைத்துக்கொண்டேன். வாய் திறக்க நேர்ந்தால் வேகத்தைக் குறைத்துவிடுவேன். தொலைபேசியில் நீளமாகப் பேசும்போது, வாக்கியம் முடிந்ததும் உதடுகளைச் சேர்த்து மூக்கால் இழுத்துவிட்டே அடுத்ததைத் தொடங்குகிறேன். இதற்குப் பழகவே பல மாதங்கள் ஆயின. நாக்கு ஒட்டிக்கொள்ளும்படி வாய் வறண்டு விழித்த காலைகள் இப்போது சளி பிடித்த நாட்களில் மட்டுமே. "இப்பல்லாம் குறட்டைச் சத்தமே குறைஞ்சிருக்குங்க" என்று மனைவி சொன்னது எனக்குப் பெரிய ஊக்கமாக இருந்தது.

இந்த முறையைச் சுற்றி எழுப்பப்படும் பெரிய வாக்குறுதிகளை நான் ஏற்கவில்லை. நான் சென்ற ஒரு கட்டண வகுப்பில், ஆஸ்துமா இருந்த ஒருவரிடம் இன்ஹேலரை மெல்ல விட்டுவிடலாம் என்று பயிற்றுநர் கூறியது கோபத்தையே தந்தது. ஆஸ்துமா நோயாளிகளிடம் ஆஸ்திரேலியாவில் நடந்து 1998-இல் வெளியான சோதனையில், புட்டேய்கோ முறையைப் பயின்றவர்கள் உடனடி நிவாரண இன்ஹேலரைக் குறைவாகப் பயன்படுத்தினார்கள். நுரையீரல் செயல்திறன் அளவீடுகளில் மாற்றம் தெரியவில்லை. துணையாகக் கொள்ளலாம், மருந்துக்கு மாற்றாகக் கொள்ளக் கூடாது. கட்டுக்கடங்காத இரத்த அழுத்தம், இதய நோய், வலிப்பு, பீதித் தாக்கம் உள்ளவர்களும் கர்ப்பிணிகளும் மூச்சை நீண்ட நேரம் அடக்கக் கூடாது. தூக்கத்தில் மூச்சு நின்று நின்று வருபவர்கள் வாயால் மூச்சுவிடாமல் இருக்க இரவில் வாயில் டேப் ஒட்டிக்கொள்வது ஆபத்தானது. எப்போதும் ஒரே பக்கம் அடைத்திருந்தாலோ, இரத்தம் வந்தாலோ, வாசனை தெரியாமல் போனாலோ இ.என்.டி. மருத்துவரைப் பார்த்தே ஆக வேண்டும். இரு துவாரங்களையும் பிரிக்கும் நடுத்தண்டு வளைந்திருப்பதும், மூக்கினுள் வளரும் பாலிப் என்ற சதையும் பயிற்சியால் சரியாவதில்லை.

பார்த்தீனியம் பூக்கும் மாதங்களில் நான் பின்பற்றும் வரிசை இது. முதலில் உப்புநீரால் மூக்கைக் கழுவுகிறேன். அரை லிட்டர் நீருக்கு ஒரு தேக்கரண்டிக்குச் சற்றுக் குறைவாக அயோடின் கலக்காத உப்பு போதும். ஆனால் டேங்கர் நீரோ குழாய் நீரோ, கொதிக்கவைத்து ஆறவைத்தே பயன்படுத்த வேண்டும், ஏனெனில் கொதிக்காத நீரில் இருக்கக்கூடிய அமீபா மூக்கு வழியாக மூளைக்குச் சென்றால் உயிருக்கே ஆபத்து. அடுத்து மூச்சுப் பயிற்சி. மூக்கு திறந்த பிறகுதான் ஸ்பிரே: வலது துவாரத்துக்கு இடது கையாலும் இடது துவாரத்துக்கு வலது கையாலும் அடித்தால், மருந்து நடுத்தண்டில் படாமல் பக்கச் சுவரை நோக்கிச் செல்லும். அடைத்த மூக்கில் அடித்தபோது தொண்டைக்குள் இறங்கிக் கசந்த மருந்து, இந்த வரிசைக்கு மாறியதிலிருந்து மூக்கிலேயே தங்குகிறது.