உள்ளங்கை அனலைசரும் பதினைந்தரைச் சுற்றும்

தோட்டத்து மண்ணின் ஈரத்தை அளந்து வீட்டுக்குள் அனுப்பும் சிறு ரேடியோக் கருவி ஒன்றைச் செய்துவருகிறேன். அது இயங்குவது 433.92 மெகாஹெர்ட்ஸில். அந்த அதிர்வெண்ணில் நேரான ஆன்டெனாக் கம்பிக்கு வேண்டிய கால் அலைநீளம் 17.3 சென்டிமீட்டர், என் பெட்டியின் நீளமோ ஆறு சென்டிமீட்டர்தான். கம்பியைச் சுருளாக்கித்தான் ஆகவேண்டும். ஆனால் சுருட்டிய கம்பி எந்த அதிர்வெண்ணில் ஒத்ததிர்கிறது என்பது கண்ணுக்குத் தெரியாது. அதை அறியவே நானோவிஎன்ஏ-எச் என்னும் ஆன்டெனா அளக்கும் அனலைசரை வாங்கினேன். இரண்டு மாதம் அதனோடு பழகியபின் இதை எழுதுகிறேன்.

உள்ளங்கையில் அடங்கும் கருவி. 2.8 அங்குலத் தொடுதிரை, உள்ளேயே பேட்டரி, கேபிளைத் திருகி மாட்ட இரண்டு எஸ்எம்ஏ இணைப்பிகள். ஆன்டெனாவுக்குள் ஒரு சமிக்ஞையை அனுப்பி, அதில் எவ்வளவு திரும்பி வருகிறது என்று அதிர்வெண் வாரியாக வரைந்து காட்டும். ஆன்டெனா ஏற்றுக்கொள்ளும் இடத்தில் கோடு பள்ளமாக இறங்கும். அந்தப் பள்ளத்தை முதன்முதலில் பார்த்தபோது எனக்கு உண்மையாகவே மெய்சிலிர்த்தது. அதுவரை வெட்டி வெட்டி, தோட்டத்துக்கும் வீட்டுக்கும் நடந்து நடந்து ஊகித்துக்கொண்டிருந்தேன்.

முதலில் அளந்தது கடையில் வாங்கிய சுருள் ஆன்டெனாவை. 433 என்று குறிப்பிட்டு விற்றார்கள். என் மின்சுற்றுப் பலகையில் பற்றவைத்துப் பார்த்தால் பள்ளம் 446-இல் இருந்தது; பிளாஸ்டிக் பெட்டிக்குள் வைத்து மூடினால் 431. விற்றவர் மேல் குற்றமில்லை. இந்த வகைச் சுருள் தனியாக ஆன்டெனா ஆவதில்லை. பலகையின் செம்புத் தளம் அதன் மறுபாதி. பலகை மாறினால், பெட்டி மாறினால், பக்கத்தில் பேட்டரி வந்தால், அதிர்வெண்ணும் மாறும். சுருள் குறுகக் குறுக அது வேலை செய்யும் அதிர்வெண் பட்டையும் குறுகுவதால், பதினைந்து மெகாஹெர்ட்ஸ் நகர்வு என்பது அதற்குப் பெரிய தூரம்.

அதனால் நானே சுற்றினேன். ஒரு மில்லிமீட்டர் எனாமல் செம்புக் கம்பியை ஐந்து மில்லிமீட்டர் துளைமுனையின் தண்டில் இருபது சுற்று சுற்றி, 35 மில்லிமீட்டர் நீளத்துக்கு இழுத்தேன். பள்ளம் 358-இல் விழுந்தது. பதினெட்டுச் சுற்றில் 391, பதினேழில் 411, பதினாறில் 434. இங்கே நிறுத்தத் தோன்றும்; நிறுத்தக்கூடாது. பெட்டிக்குள் வைத்ததும் அது 420-க்கு இறங்கிவிட்டது. இன்னும் அரைச் சுற்று வெட்டினேன். பெட்டிக்குள் 436 வந்தது. ஒவ்வொரு வெட்டுக்கும் விடை அந்த நொடியே திரையில் தெரிவதுதான் இந்தக் கருவியின் பெரும் பலன். சுருளை விரல்நகத்தால் லேசாக விரித்தால் பள்ளம் வலப்பக்கம் நகர்கிறது. நெருக்கினால் இடப்பக்கம் வருகிறது. புத்தகத்தில் படித்தது கைக்குள் வந்துவிடுகிறது.

ஆனால் பள்ளம் ஆழமில்லை. ஆறரை டெசிபல்தான், அனுப்பியதில் ஐந்தில் ஒரு பங்குக்கும் மேல் திரும்பிவிடுகிறது என்று பொருள். ஆன்டெனா எத்தனை ஓமாகத் தெரிகிறது என்று வட்டத்துக்குள் காட்டும் ஸ்மித் வரைபடத்துக்குத் திரையை மாற்றினேன். ஃபிலிப் ஸ்மித் 1939-இல் வெளியிட்ட அந்த வட்டத்தைப் பார்த்து முன்பெல்லாம் மிரண்டிருக்கிறேன். இப்போது அது ஒரே பார்வையில் காரணத்தைச் சொன்னது: ஒத்ததிர்வில் என் சுருளின் மின்தடை 18 ஓம், தேவையோ 50. சுருளைச் சற்றே விரித்து 441 வரை ஏற்றி, அந்த வித்தியாசத்தைச் சரிக்கட்ட, சுருளின் அடியிலிருந்து பலகையின் செம்புத் தளத்துக்கு 15 நானோஹென்றி மின்தூண்டி ஒன்றை வைத்தேன். பள்ளம் 434-க்கு வந்து இருபது டெசிபலைத் தாண்டியது.

இனி குறைகள். தொழிற்சாலை அமைப்பிலேயே முழு அதிர்வெண் வீச்சையும் பார்த்தால் ஏமாந்துபோவீர்கள். என்னிடம் உள்ளதில் ஒரு வரைவுக்கு 101 புள்ளிகள். 900 மெகாஹெர்ட்ஸை அதில் பங்கிட்டால் புள்ளிக்குப் புள்ளி ஒன்பது மெகாஹெர்ட்ஸ் இடைவெளி. என் சுருளின் பயனுள்ள பட்டை ஏழுதான். பள்ளமே கண்ணில் படாமல் போகலாம். வீச்சை 400 முதல் 470 வரை சுருக்கி, அதே வீச்சில் திறந்த முனை, குறுக்கிணைத்த முனை, 50 ஓம் முனை மூன்றையும் வைத்து அளவுத்திருத்தம் செய்யுங்கள். அதையும் கேபிளின் கடைசி நுனியில் செய்யுங்கள். 300 மெகாஹெர்ட்ஸுக்கு மேல் கருவி தன் அலையாக்கியின் மேல்சுரங்களை, அதாவது அடிப்படை அதிர்வெண்ணின் மடங்குகளை, கொண்டு அளப்பதால் கோட்டில் கொஞ்சம் நடுக்கம் தெரியும். ஆன்டெனா வேலைக்கு அது இடைஞ்சல் இல்லை. திரை சிறியது, விரல் தவறான இடத்தில் படுகிறது. இணைப்பியின் உடலைத் திருகாமல் மரையை மட்டும் திருப்புங்கள்.

கேபிள் வேறொரு தொல்லை. அதன் வெளியுறையும் ஆன்டெனாவின் பகுதியாகிவிடுகிறது. கையால் பிடித்ததும் பள்ளம் நகர்ந்தால் அளவு நம்பத்தகாதது. வெளியுறையில் ஓடும் மின்னோட்டத்தைத் தடுக்கும் ஃபெரைட் மணிகள் மூன்றைப் பலகைக்கு அருகிலேயே கேபிளில் கோத்த பிறகுதான் எனக்குக் கோடு நிலைத்தது.

எல்லாவற்றையும்விட முக்கியமான ஒன்று. ஒருநாள் சுருளைக் கழற்றிவிட்டு 50 ஓம் மின்தடை ஒன்றை அதே இடத்தில் பற்றவைத்தேன். திரையில் முப்பது டெசிபலுக்கும் மேல், சுருளைவிட அழகான விடை. இரண்டு அறை தள்ளியிருந்த ஏற்பிக்கு எதுவும் வந்து சேரவில்லை. எவ்வளவு திரும்பவில்லை என்பதைத்தான் இந்தக் கருவி சொல்கிறது. திரும்பாதது காற்றில் போயிற்றா, வெப்பமாகப் போயிற்றா என்பது அதற்குத் தெரியாது. ஆகவே சுருள் ஆன்டெனா செய்பவர் இதை மட்டும் வாங்கினால் போதாது. சமிக்ஞை வலுவை எண்ணாகக் காட்டும் ஏற்பி ஒன்றும் மேசையில் இருக்கவேண்டும்.

நான் அப்படித்தான் ஒப்பிட்டேன். அதே பலகை, அதே தூரம். நேரான 17.3 சென்டிமீட்டர் கம்பியோடு ஒப்பிட்டால் என் சுருள் ஐந்து டெசிபல் குறைவு. கடைச் சுருள் எட்டு டெசிபல் குறைவு. பெட்டியை மூடி, தோட்டத்தின் கடைசிப் பாத்தியில் நட்டு ஒன்பது நாளாகிறது. பத்து நிமிடத்துக்கு ஒருமுறை ஈர அளவு தவறாமல் வந்துகொண்டிருக்கிறது.