வரிசைகளில் தேர்ச்சி, பர்ஸ்ட் வரம்பில் சறுக்கல்: ஒரு 24 போர்ட் சுவிட்ச்

சிறிய, நடுத்தர அலுவலகங்களுக்கென விற்கப்படும் 24 போர்ட் கிகாபிட் சுவிட்ச் (கணினிகளையும் தொலைபேசிகளையும் வலையமைப்பில் இணைக்கும் பெட்டி) ஒன்றைச் சில மாதங்களாகப் பயன்படுத்தி வருகிறேன். நிறுவனத்தின் பெயரைத் தவிர்க்கிறேன். ஒரே சில்லை வைத்துப் பலரும் சுவிட்ச் தயாரிப்பதால், இங்கே சொல்வன வேறு பெட்டிகளுக்கும் பொருந்தக்கூடும். கட்டமைப்புத் தரத்திலும் விசிறிச் சத்தத்திலும் குறை ஏதுமில்லை. தொலைபேசி அழைப்புகளும் பெரிய கோப்புகளும் ஒரே இணைப்பைப் பகிரும்போது இது எப்படி நடந்துகொள்கிறது என்பதே என் அக்கறை.

தரவுத் துண்டுகள் வெளியேறக் காத்திருக்கும் வரிசைகளைப் பொறுத்தவரை திருப்தியே. அந்தத் துண்டான ஃபிரேமில் வரும் முன்னுரிமை 3 பிட் கொண்டது. 0 முதல் 7 வரையான எட்டு மதிப்புகளுக்கும் போர்ட் ஒன்றுக்கு எட்டு வரிசைகள் இதில் உள்ளன. 802.1கியூ என்ற வலையமைப்புத் தரநிலையின் பரிந்துரைப்படி மதிப்பு 1 பின்னணி வேலைகளுக்கு உரியது, அதாவது 0-ஐ விடவும் கீழானது. இதைக் கவனிக்காமல் ஏறுவரிசையில் பொருத்திவிடும் சுவிட்சுகளும் உண்டு, இது சரியாகவே பொருத்தியிருக்கிறது. உச்ச வரிசைக்குக் கண்டிப்பான முன்னுரிமையும் மற்றவற்றுக்கு எடைப் பங்கீடும் (ஒதுக்கிய விகிதப்படி முறை) கொடுக்கலாம். எடையை பாக்கெட் எண்ணிக்கையில் அல்லாமல் பைட் கணக்கில் பார்ப்பதால், பெரிய ஃபிரேம்களை அனுப்பும் காப்புப்பிரதிப் பணி தன் பங்குக்கு மேல் விழுங்குவதில்லை. ஆனால் போர்ட்டை நம்பகமானதாக முதலில் அறிவிக்க வேண்டும். இல்லையேல் ஐபி தொலைபேசி இடும் டிஎஸ்சிபி 46 என்ற முன்னுரிமைக் குறி கண்டுகொள்ளப்படாமல் எல்லாமே சாதாரண வரிசையில் போய் நிற்கும். கண்டிப்பான வரிசைக்கு ஓர் உச்சவரம்பும் வைத்துவிடுங்கள். தவறாகக் குறியிட்ட ஒரே கருவி கீழுள்ள வரிசைகள் அனைத்தையும் பட்டினி போட்டுவிடும்.

சறுக்கல் பர்ஸ்ட் வரம்பில்தான், அதாவது ஒரே மூச்சில் எவ்வளவு தரவை விடலாம் என்பதில். உள்வரும் போக்குவரத்துக்கு வினாடிக்கு 100 மெகாபிட் வரம்பு வைத்தால், பர்ஸ்ட் அளவு தானாகவே 16 கிலோபைட் என அமைகிறது. அதை மாற்றும் கட்டம் மேம்பட்ட அமைப்புகளுக்குள் ஒளிந்திருக்கிறது. உள்வரும் திசையில் இந்தச் சுவிட்ச் எதையும் தேக்கிவைப்பதில்லை, டோக்கன் (அனுப்புவதற்கான அனுமதிக் கணக்கு) தீர்ந்ததும் பாக்கெட்டைக் கைவிடுகிறது. 16 கிலோபைட் என்பது முழு அளவு ஃபிரேம்கள் பத்துக்கு மட்டுமே போதும். இன்றைய கணினிகளின் வலையமைப்பு அட்டையோ 64 கிலோபைட் வரை ஒரே மூச்சில் கிகாபிட் வேகத்தில் கொட்டும். அதில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கே கடக்கும், மீதி விழும். டிசிபி (தரவு முழுதாகப் போய்ச் சேர்வதைக் கவனிக்கும் நெறிமுறை) அதை நெரிசல் என்று எடுத்துக்கொண்டு பின்வாங்குவதால், 100 என்று எழுதிய வரம்பில் பாதியைக்கூடப் பரிமாற்றம் எட்டவில்லை. பயனர்கள் இணையச் சேவையைக் குறைகூறுவார்களே தவிர, இந்த எண்ணை யாரும் சந்தேகிக்க மாட்டார்கள். அளவை 256 கிலோபைட்டுக்கு உயர்த்தியதும் வேகம் வரம்பை ஒட்டி வந்து நின்றது. நீண்ட தொலைவு இணைப்புகளுக்கு அதுவும் போதாமல் போகலாம்: பாக்கெட் போய்ப் பதில் திரும்பும் சுற்றுப்பயண நேரம் 50 மில்லிவினாடி என்றால், 100 மெகாபிட்டுக்கு 625 கிலோபைட் என்பதே வழக்கமான கணக்கு.

வெளிச்செல்லும் திசையில் நிலைமை தலைகீழ். அங்கே சுவிட்ச் பாக்கெட்டுகளை பஃபரில் (தற்காலிக நினைவகத்தில்) நிறுத்திச் சீராக விடுகிறது. ஆகவே பர்ஸ்ட் சிறியதாக இருப்பதே நல்லது. பெரிதாக வைத்தால், அடுத்த முனையில் சேவை வழங்குநர் வைத்திருக்கும் வரம்பில் அந்தக் கொத்து மோதிச் சிதறும். கையேடோ இரண்டு திசைகளுக்கும் ஒரே பத்தியை எழுதி, இரண்டுக்கும் ஒரே இயல்பளவைப் பரிந்துரைக்கிறது. இது சோம்பேறித்தனம் என்றுதான் சொல்ல வேண்டும்.

இன்னொரு நுணுக்கம்: வேகக் கணக்கில் ஃபிரேமுக்கு முன்வரும் 8 பைட்டும் இடைவெளிக்கான 12 பைட்டும் சேர்வதில்லை. பெரிய கோப்புகளில் இது பொருட்டல்ல. 64 பைட் ஃபிரேம்கள் கம்பியில் 84 பைட் இடத்தைப் பிடிப்பதால், ஒலி அழைப்புகள் மிகுந்த இணைப்பில் வரம்பைச் சற்றுக் குறைத்தே வைக்க வேண்டியிருக்கிறது.

வரிசைவாரியான இழப்பு எண்ணிக்கை கட்டளை வரியில் மட்டுமே கிடைக்கிறது. இணைய இடைமுகம் போர்ட்டின் மொத்த இழப்போடு நின்றுவிடுகிறது. கட்டளை வரியில் பழக்கமுள்ள நிர்வாகி இருக்கும் அலுவலகத்துக்கு இதைத் தயங்காமல் பரிந்துரைப்பேன். உலாவியை மட்டுமே நம்பியிருப்பவர்கள் வேறு பெட்டியைப் பார்ப்பது நல்லது.